ஜனவரி 2க்கு முதலே வெளிக்கிட்ட கிளிநொச்சி

ஒவ்வொரு வருசமும் ஜனவரி 2 வந்தா முகநூலில ஒரே சண்டை. கிளிநொச்சி விழுந்த நாள் எண்டு அழுறவை ஒரு பக்கம், பிடிச்ச நாள் எண்டு படம் போடுறவை மற்றப் பக்கம். 2009ல அண்டைக்கு ஜனாதிபதி டிவியில வந்து அறிவிச்சவர், கொழும்பில வெடி கொளுத்தினவை, டிவியில காட்டின வீடியோவில ஏ9 ரோட்டால ஆமி நடந்து வருது, ரெண்டு பக்கமும் கூரையில்லாத வீடு, தண்ணித் தாங்கி சரிஞ்சு விழுந்து கிடக்குது, ஒரு மனுசரைக் காணேல்ல. புலிகளின்ர தலைநகரம் எண்டு உலகம் முழுக்க எழுதின நகரத்தில இருந்த சனம் எல்லாம் எங்க போச்சுது எண்டு அண்டைக்குக் கேட்ட ஆக்கள் குறைவு. இண்டைக்கும் குறைவுதான். முள்ளிவாய்க்காலப் பற்றிக் கனக்க எழுதியாச்சு, இன்னும் எழுதத்தான் வேணும், ஆனா 2008 செப்டெம்பரில இருந்து டிசம்பர் மட்டும் நடந்ததை "மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர்" எண்டு ஒரு வசனத்தில தாண்டிப் போயிடுகினம். நான் எழுதப் போறது அந்த நாலு மாசத்தைப் பற்றி. பிறகு நடந்த அவ்வளவுக்கும் வழி அங்கதான் திறந்தது எண்டு நான் உறுதியா நம்புறன்.

முதல்ல அந்தக் கூரையில்லாத வீடுகள். எல்லாம் குண்டில போனதெண்டு கனபேர் நினைக்கினம். குண்டிலயும் போனதுதான், கிபிர் (குண்டுவீச்சு விமானம்) வந்து போட்ட இடங்களை நாங்களும் போய்ப் பார்த்தனாங்கள். ஆனா எத்தினையோ வீட்டின்ர கூரையைக் கழட்டினது அந்தந்த வீட்டுக்காரர். எங்கட கூரையை அப்பாவும் அண்ணாவும் நானும் கழட்டினம். கனகபுரத்தில எங்கட ஒழுங்கை முழுக்க அந்தக் கிழமை சுத்தியல் சத்தம்தான். இப்ப நான் படிப்பிக்கிற பிள்ளையள் இதைச் சொன்னா முழுசுதுகள், செல் விழேக்க ஏன் ரீச்சர் கூரையில ஏறி ஆணி புடுங்கிக்கொண்டு நிண்டனீங்கள், ஓடியிருக்கலாமே எண்டு கேக்குதுகள். நியாயமான கேள்வி. அதுக்கு 1996ல இருந்து சொல்லோணும்.

1995 ஒக்டோபர் 30ல வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்டு, பிறகு கிளாலிக் கடல் கடந்து வந்த யாழ்ப்பாணச் சனமும் அப்ப கிளிநொச்சியில நிரம்பி இருந்தது. 96 ஜூலைக் கடைசியில சத்ஜய எண்டு பேர் வைச்சு ஆமி ஆனையிறவுப் பக்கத்தால வெளிக்கிட்டு, பரந்தன் போய், செப்டெம்பர் முடியேக்க கிளிநொச்சியும் போச்சுது. சனம் மேற்கால அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எண்டு போனது, ஆசுப்பத்திரியும் அக்கராயனுக்குப் போனது. எனக்கு அப்ப அஞ்சு வயசு. உடுப்பு மூட்டையும் சட்டி பானையும் அம்மம்மாவின்ர தையல் மெசினும்தான் கொண்டு போனது எண்டு அம்மா சொல்லுவா. 98 செப்டெம்பரில இயக்கம், புலிகளைத்தான் சொல்லுறன், திரும்பப் பிடிச்சாலும் சனம் பெருவாரியா ஊருக்கு வந்தது 2002 சமாதானத்தோடதான். வந்து பார்த்தா சுவர் மட்டும் நிக்குது. ஓடு இல்ல, கதவு இல்ல, யன்னல் இல்ல, நிலையைக்கூட இடிச்சு எடுத்திருக்கு, விறாந்தைக்குள்ள ஆமணக்கு முளைச்சு நிக்குது, பின் வளவுக்குள்ள மிதிவெடி எண்டு மண்டையோடு கீறின போட். அப்பா கடன்பட்டு ஓடு வாங்கிப் போட்டவர், அந்தக் கடன் கட்டி முடிஞ்சது 2007ல.

இப்ப விளங்கும் எண்டு நினைக்கிறன். சுவரைத் திரும்பக் கட்டலாம், மண் இருக்கு, கல்லரியலாம், கூரைக்குத்தான் காசு வேணும் எண்டதை 96 எங்களுக்குப் படிப்பிச்சிட்டுது. இன்னொண்டையும் படிப்பிச்சது, போன சனம் திரும்பி வரும் எண்டு. 2008லயும் ஒரு வருசம், மிஞ்சினா ரெண்டு வருசம், பிறகு வந்து இதே சுவருக்கு மேல இதே ஓட்டைப் போடலாம் எண்டுதான் எல்லாரும் கணக்குப் போட்டது. அதைப் பைத்தியக்காரத்தனம் எண்டு இப்ப ஆரும் சொன்னா எனக்குக் கோபம் வரும். எங்களுக்கு அண்டைக்குத் தெரிஞ்சதை வைச்சுப் பார்த்தா அதுதான் சரியான கணக்கு.

எங்களுக்கு முதலே மன்னார்ச் சனம் வந்திட்டுது. 2007 கடைசியில இருந்து அந்தப் பக்கத்தில சண்டை, 2008 ஏப்ரலில மடு போச்சுது, ஜூலையில விடத்தல்தீவு, ஓகஸ்ற்றில துணுக்காய், செப்டெம்பர் தொடங்கேக்க மல்லாவி. ஒவ்வொரு இடம் போகப் போக அங்க இருந்த சனம் எங்கட பக்கம் வந்து கொண்டே இருந்தது. எங்கட வளவில மாமரத்துக்குக் கீழ அடம்பன் பக்கத்துக் குடும்பம் ஒண்டு கொட்டில் போட்டு இருந்தவை, எங்களிட்ட வரேக்கயே அவை கன இடம் மாறி வந்தவை. அந்த அக்காதான் அம்மாவுக்குச் சொன்னவா, "அக்கா, கதவையும் கழட்டுங்க. கதவு இருந்தா கீழ போட்டுப் படுக்கலாம், பங்கருக்கு மேல போடலாம், ஆருக்கும் காயம் பட்டாத் தூக்கிட்டுப் போகலாம்." அம்மா ஒண்டும் சொல்லேல்ல. பின்னேரம் அப்பா கதவைக் கழட்டேக்க ஏன் எண்டும் கேக்கேல்ல.

ஓடு கழட்டிறது லேசான வேலை இல்ல. முகட்டோட்டைச் சாந்து வைச்சு ஒட்டியிருக்கும், அதை அலவாங்கு நுனியால மெல்ல மெல்ல நெம்பினாத்தான் உடையாம வரும். பிறகு மேல இருந்து கீழ வரிசை வரிசையா. அண்ணா கூரையில குந்தி இருந்து கழட்டித் தர, அப்பா ஏணியில நிண்டு வாங்க, நான் கீழ வாங்கி வைக்கோல் போட்டு அடுக்கினனான். ஒவ்வொண்டையும் விரலால தட்டிப் பார்க்கோணும், நல்ல ஓடெண்டா கிண்ணெண்டு கேக்கும், வெடிப்பு இருந்தா அடைச்ச சத்தம், வெடிச்சதெல்லாத்தையும் கிணத்தடியில விட்டிட்டு வந்தம். சிலாகையில இருந்து வந்த ஆணியளை அம்மம்மா திண்ணையில இருந்து கல்லில வைச்சுத் தட்டி நிமித்திப் பால்மா ரின்னுக்குள்ள போட்டவா, ஒரு ஆணிகூட விடேல்ல. மேல வண்டு சுத்திக்கொண்டு நிக்கும், ஆளில்லாத விமானத்தை நாங்கள் வண்டு எண்டுதான் சொல்லுறது, அது நிண்டா கொஞ்ச நேரத்தில கிபிர் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும், அதால சத்தம் கிட்ட வந்தா அண்ணா கூரையால சறுக்கி இறங்கிப் பங்கருக்குள்ள ஓடுவான், போனாப் பிறகு திரும்ப ஏறுவான். குசினிக்குப் போட்டிருந்த தகரத்தைக் கடைசியாக் கழட்டினது. ஓடெல்லாம் பிறகு வழியில வழியில விட்டாச்சு, அந்தத் தகரம்தான் தேவிபுரம் மட்டும் எங்களோட வந்தது, தென்னங்குத்திக்கு மேல தகரம், தகரத்துக்கு மேல மண் எண்டு எங்கட பங்கரை மூடினது அதாலதான்.

அந்த நாளையிலதான் யூ.என் வெளிக்கிட்டது. செப்டெம்பர் தொடக்கத்தில அரசாங்கம், உங்கட பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பெடுக்கேலாது, வன்னியை விட்டுப் போங்கோ எண்டு யூ.என்னுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் சொல்லிப்போட்டுது. சனம் போய் யூ.என் ஒபிசுக்கு முன்னால இருந்து மறிச்சது, போகாதேங்கோ, நிண்டு பாருங்கோ எண்டு கேட்டுக் கேற்றடியில குந்தி இருந்தது. அம்மாவும் ஒழுங்கைப் பொம்பிளையளோட போய் இருந்தவா. செப்டெம்பர் 16ல வெள்ளை வாகனமெல்லாம் வரிசையா ஏ9ல தெற்கால போச்சுது. ஐசிஆர்சி, செஞ்சிலுவைக்காரர், மட்டும் நிண்டது. அண்டைக்கு இரவு அம்மா சொன்னது எனக்கு இப்பவும் அப்பிடியே காதுக்குள்ள நிக்குது: "அவை நிண்டா செல்லடி நிக்கும் எண்டு நான் நினைக்கேல்ல பிள்ளை, ஆனா ஒருத்தன் பாத்துக்கொண்டு நிண்டா அடிக்கிறவனுக்குக் கை கொஞ்சமாவது கூசும்." 2012 நவம்பரில யூ.என் தானே போட்ட உள்ளக விசாரணைக் குழு, சார்ள்ஸ் பெட்ரி தலைமையில வந்த அறிக்கை, இலங்கை விசயத்தில யூ.என் அமைப்பாவே தவறிப்போச்சுது எண்டு ஒத்துக்கொண்டது, அதில இந்த செப்டெம்பர் வெளியேற்றத்தையும் எழுதியிருக்கு. அம்மாவுக்கு அதை வாசிச்சுக் காட்டினனான். "நாலு வருசம் எடுத்திருக்கு" எண்டு சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

வெளிக்கிட்டது எண்டு சொல்லேக்க ஒரே நாளில எல்லாரும் ஓடினது மாதிரிக் கற்பனை பண்ணாதேங்கோ. வலிகாமம் அப்பிடி ஒரு இரவில வெளிக்கிட்டது, கிளிநொச்சி அப்பிடி இல்ல. முதல் திருநகர், கனகபுரம், மேற்குப் பக்கத்துச் சனம், பிறகு ரவுணுக்குள்ள கடைக்காரர், பிறகு உதயநகர், ஜெயந்திநகர். பகல்ல சாமான் ஏத்தப் பயம், இரவில லைற் போடாமப் போறது. ரக்டர் பிடிக்கிறது பெரிய பாடு, டீசல் இல்ல, மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணையில ஓடினது, ஸ்டார்ட் பண்ண மட்டும் ஊசியால ரெண்டு சொட்டுப் பெற்றோல் அடிக்கிறது. ரக்டர் கிடைக்காதவை லான்ட்மாஸ்டர், அதுவும் இல்லாதவை மாட்டு வண்டில், சைக்கிள். மாட்டை அவிட்டு விட்டம், கோழியளை உரப்பையில போட்டுக் கொண்டு போனம், எங்கட நாய் ரக்டருக்குப் பின்னால வட்டக்கச்சி மட்டும் ஓடி வந்தது. பரந்தன் சந்திப் பக்கம் ஆட்லறி விழுகிறபடியா வட்டக்கச்சி, இராமநாதபுரம், கல்மடுப் பக்கத்தால சுத்திப் போன சனம்தான் கூட.

போன இடத்தில ஊர் திரும்பக் கூடிச்சுது, இதை நான் எழுதாட்டி ஆரும் எழுத மாட்டினம் எண்டு பயமா இருக்கு. தர்மபுரம், விசுவமடு, ஏ35 ரோட்டின்ர ரெண்டு பக்கமும் நூறு யார் உள்ளுக்கு மட்டும் தரப்பாள்தான், அதுக்குள்ள கிளிநொச்சியில பக்கத்துப் பக்கத்துக் கடையா இருந்தவை இஞ்சயும் பக்கத்துப் பக்கத்துக் கடை போட்டிருக்கினம், டிப்போ சந்தியில இருந்த சைக்கிள் கடைக்காரர் அதே போட்டை வேப்ப மரத்தில கட்டியிருக்கிறார், சலூன் இருக்கு, இடியப்பம் அவிச்சு விக்கிற ஆச்சி இருக்கிறா, ரியூசன் நடக்குது, பள்ளிக்கூடம் மரத்துக்குக் கீழ நடக்குது, நான் ஏஎல் கணக்குப் பாடம் செய்தது ஒரு பாலை மரத்துக்குக் கீழ, சேருக்கு சோக் இல்லாம காஞ்ச மரவள்ளித் துண்டால எழுதினவர். கச்சேரியும், மாவட்டச் செயலகம், வந்திட்டுது. ஆசுப்பத்திரி தர்மபுரம் வந்து, அங்கயும் செல் வர, பிறகு உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்குள்ளயும் கொட்டிலுக்குள்ளயும் நடந்தது, அந்த டொக்டர்மாரையும் நேர்ஸ்மாரையும் நினைச்சா எனக்கு எழுத வராது.

நவம்பர் கடைசியில நிஷா புயல். கிளிநொச்சிச் சனம் வெட்டின பங்கர் எல்லாம் தண்ணி. இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ, செல் வந்தாப் பங்கருக்குள்ள போகோணும், பங்கருக்குள்ள இடுப்பளவு தண்ணி, அதுக்குள்ள பாம்பு, மேல நிண்டா சீஸ், செல் வெடிச்சுச் சிதறுற துண்டு. எங்கட அம்மம்மா இறங்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுக் கதவுக்கு மேல படுத்திருந்தவா, கனகபுரத்தில கழட்டின அதே கதவு. பக்கத்துத் தரப்பாளில ஒரு கைக்குழந்தை, அதைத் தாய் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள்ள சீலை விரிச்சு வைச்சுக்கொண்டு பங்கர் தண்ணிக்குள்ள நிண்டவா.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வாறன்.

எங்கட பிரிவு விதானையாரும், கிராம சேவகர், எங்களோடதான் இடம்பெயர்ந்தவர். அவரிட்ட ஒரு சீ.ஆர் கொப்பி இருந்தது, சிவப்பு மட்டை, சொப்பின் பைக்குள்ள போட்டு ரப்பர் பாண்ட் சுத்தி, சைக்கிள் கரியரில வைக்காமல் சேட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிவார். அடிமட்டம் வைச்சுக் கோடு போட்டிருக்கும், குடும்பத் தலைவர் பேர், அடையாள அட்டை நம்பர், ஆம்பிளை எத்தினை, பொம்பிளை எத்தினை, அஞ்சு வயசுக்குக் கீழ எத்தினை, முந்தின விலாசம், இப்ப இருக்கிற காணி. ஒரு இடத்தில இருந்து அடுத்த இடத்துக்குப் போன உடன கடைசிக் கட்டத்தில இருந்ததை வெட்டிப்போட்டுப் புது இடத்தை எழுதுவார், அது நிறைஞ்சா ஒரு துண்டுக் கடதாசி வெட்டிப் பசை போட்டு ஒட்டுவார். எங்கட குடும்பத்துக்கு நேர அப்பிடி ஒட்டினதுக்கு மேல ஒட்டி அந்த இடம் தடிச்சுப் போய் இருந்தது. ஆருக்கும் பிள்ளை பிறந்தா வந்து எழுதுவார், ஆரும் செத்தா சிவப்புப் பேனையால சுத்தி திகதி போடுவார். அப்பா ஒருநாள் கேட்டவர், "விதானையார், இந்த மழைக்குள்ள இதென்னத்துக்கு?" "அண்ணை, நான் எழுதாட்டி உங்களுக்கு மா வராது. அது ஒண்டு. மற்றது, நாளைக்கு ஒருத்தன் வந்து இஞ்ச ஆர் இருந்தது எண்டு கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது?"

இப்பிடி ஒவ்வொரு பிரிவிலயும் ஒரு விதானையார் எழுதினது, அது பிரதேச செயலகத்துக்குப் போய், அங்க இருந்து கச்சேரிக்குப் போய், கச்சேரிக்காரர் கூட்டி, கொழும்புக்கு அனுப்பினவை. சம்பளம் வாங்கின அரசாங்க உத்தியோகத்தர்தான் எண்ணினது, இயக்கம் குடுத்த கணக்கு இல்ல. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால போய்க் குடுத்த கணக்கு இந்தக் கச்சேரிப் பதிவில இருந்து எடுத்ததுதான்: 2008 ஒக்டோபர் தொடக்கத்தில கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில இருந்த சனம் 429,059.

அந்த நேரம் கொழும்பில சொன்ன கணக்கு வேற. 2009 பெப்ரவரியில அரசாங்கம் 70,000 பேர்தான் உள்ளுக்கு இருக்கினம் எண்டு சொல்லிச்சுது, கச்சேரிக்காரர் 330,000 எண்டு கடிதம் எழுதிக்கொண்டு இருக்கேக்க. இந்த இடைவெளியை ஒருக்கா நிண்டு பாருங்கோ. சாப்பாடு அனுப்பிறது அந்தக் கணக்குக்கு, மருந்து அனுப்பிறது அந்தக் கணக்குக்கு, மயக்க மருந்தும் அன்ரிபயற்றிக்கும் இல்லாமல் கை கால் வெட்டினது அந்தக் கணக்காலதான். சண்டை முடிஞ்சு மெனிக் பாமுக்கும் மற்ற முகாமுகளுக்கும் வந்த சனத்தை எண்ணினா 280,000க்கு மேல. 70,000 எண்டு சொன்ன இடத்தில இருந்து உயிரோட வந்ததே அவ்வளவு பேர். அப்பிடியெண்டா அந்த 70,000 எண்ட கணக்கு ஆருக்காகச் சொன்னது, அதைச் சொன்ன ஆக்கள் ஒருநாளும் ஏன் அதுக்கு மறுமொழி சொல்லேல்ல?

இயக்கத்தைப் பற்றியும் எழுதத்தான் வேணும், எழுதாட்டி இது நேர்மையில்லாத கதையாப் போயிடும். பாஸ் இல்லாமல் வன்னியை விட்டு வெளியில போகேலாது, பாஸ் எடுத்தாலும் ஆரையும் பிணை வைக்கோணும், வீட்டுக்கு ஒராள் எண்டு தொடங்கின ஆள்சேர்ப்பு 2008 கடைசியில ஒரு கணக்கும் இல்லாமல் போச்சுது, பிள்ளையளை ஒளிச்சு வைக்கப் பங்கருக்குள்ள பங்கர் வெட்டின தாய்மார் இருக்கினம். செப்டெம்பரில, ஒக்டோபரில, அரசாங்கக் கட்டுப்பாட்டில இருந்த ஓமந்தைப் பக்கம் போக விட்டிருந்தாப் போயிருக்கக் கூடிய சனம் எவ்வளவோ. கடைசி மாசங்களில வெளியேறப் போன சனத்தைச் சுட்டதும் நடந்தது, யூ.என் நிபுணர் குழுவின்ர 2011 அறிக்கையில அதுவும் இருக்கு, ஆமியின்ர செல்லடியும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்லேக்க சில பேருக்கு முகம் சுழிக்குது. நாங்கள் அந்த ரெண்டுக்கும் நடுவில நிண்ட ஆக்கள், எங்களுக்கு ஒண்டை மறைச்சு மற்றதைச் சொல்ல வேண்டிய தேவை இல்ல.

வெளியால நிண்டு பார்க்கிற ஆக்கள் கேக்கிற இன்னொரு கேள்வி, ஏன் கிழக்கால போனனீங்கள், அது கடலில முடியிற ரோட்டுத்தானே எண்டு. ஏ35 பரந்தனில தொடங்கி முல்லைத்தீவுக் கடற்கரையில முடியுது, ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மேற்கால பூநகரி நவம்பர் 15ல போச்சுது, தெற்கால மாங்குளம் 17ல போச்சுது, வடக்கால ஆனையிறவுக்கு அங்கால ஆமி. போறதுக்கு மிஞ்சி இருந்தது அந்த ஒரு ரோட்டுத்தான். ஒவ்வொரு முறையும் ஒரு மூண்டு நாலு கிலோமீற்றர்தான் போறது, ஏனெண்டா போற இடத்திலயே நிண்டிடலாம் எண்டுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறது. தர்மபுரத்தில கிணறு இருந்தது, அதால நிண்டம். விசுவமடுவில அப்பாவின்ர கூட்டாளியின்ர தென்னங்காணி, அதால நிண்டம். 2009 ஜனவரி 21ல சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது, துண்டுப் பிரசுரம் போட்டது, சனம் அதை நம்பி அங்க போய்க் குவிஞ்சது, போன கையோட அங்கயும் செல். யூ.என்னின்ர கடைசி உணவு லொறித் தொடரோட உள்ளுக்கு வந்து மாட்டுப்பட்ட ஆக்களும் அங்க பங்கருக்குள்ள இருந்து அதைப் பார்த்தவை, அவை எழுதி அனுப்பினதும் பிறகு அறிக்கையளில வந்திருக்கு.

ஜனவரி 2, கிளிநொச்சி விழுந்த செய்தி வரேக்க நாங்கள் விசுவமடுவில. ரேடியோவில சொல்லக் கேட்டது. அப்பா, "வீடு இருக்குமோ தெரியாது" எண்டு மட்டும் சொன்னவர், பக்கத்துத் தரப்பாளில ஆரோ பெலத்து அழுதது கேட்டது, பிறகு தண்ணி அள்ளப் போகவேண்டி இருந்தது, போனம்.

மாத்தளனில இருந்து அங்கால நடந்ததை நான் இஞ்ச எழுதேல்ல. அம்மம்மா அங்க செத்தவா. அந்த மண்ணில பங்கர் நிக்காது, மண் சரியும், அம்மா தன்ர கூறைச் சேலையை வெட்டிப் பை தைச்சு மண் நிரப்பி அடுக்கினவா. அவ்வளவும் போதும்.

தர்மபுரத்தில விதானையாரின்ர கொப்பியில எங்கட குடும்பம் ஆறு பேர். மெனிக் பாமில பதியேக்க நாலு. அண்ணாவை மே மாசம் வட்டுவாகல் பாலத்தடியில சனத்தோட சனமாக் கண்டதெண்டு ஒரு தெரிஞ்சவர் சொன்னவர், அதுக்கு அங்கால ஒரு தகவலும் இல்ல. விதானையார் பதியிற இடத்துக்கு வரேல்ல. அவரின்ர கொப்பி என்ன ஆச்சுதெண்டு எவ்வளவோ பேரிட்டக் கேட்டுப் பார்த்திட்டன்.

ஆயர் குடுத்த கணக்கில மிச்சப் பகுதி இதுதான். 429,059 பேரில இருந்து, அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்ததெண்டு பதிஞ்ச 282,380ஐக் கழிச்சா 146,679. அந்த 146,679 பேருக்கு என்ன நடந்தது எண்டுதான் அவர் கேட்டவர். எல்லாரும் செத்திட்டினம் எண்டு அவர் சொல்லேல்ல, என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ எண்டு கேட்டவர். யூ.என் நிபுணர் குழு 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம் எண்டு எழுதிச்சுது, பெட்ரி அறிக்கை 70,000க்கு மேல கணக்கில வராத ஆக்கள் எண்டு எழுதிச்சுது. கணக்கு ஏன் இப்பிடி ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம் எண்டு கேட்டா, எண்ணினவையின்ர கணக்கை எடுத்து வைச்சு ஒவ்வொரு பிரிவா, ஒவ்வொரு வீடா, பேர் பேரா ஒப்பிட்டுப் பார்க்க இண்டைக்கு மட்டும் ஆரும் விடேல்ல, அதுதான் காரணம். 2008லதான் பிழை தொடங்கினது எண்டு நான் முதல்ல எழுதினது இதை வைச்சுத்தான். பாக்கிறவையை அனுப்பியாச்சு, எண்ணினவையை நம்பமாட்டம் எண்டாச்சு, அதுக்குப் பிறகு அந்த ரோட்டில என்ன நடந்தாலும் கேக்க ஆள் இல்ல.

2010ல எங்களைக் கனகபுரத்துக்குத் திரும்ப விட்டவை. மெனிக் பாமை முழுசா மூடினது 2012 செப்டெம்பரில, சில பேர் அது மட்டும் அங்க இருந்தவை. வந்து இறங்கேக்க 12 தகரம் தந்தவை, தரப்பாள், மண்வெட்டி, ஆறு மாசத்துக்கு உலர் உணவு, கொட்டில் போட யூ.என்.எச்.சி.ஆர் 25,000 ரூபா. சுவர் நிண்டது, முன் சுவரில ஒரு பெரிய ஓட்டை. கிணத்தடியில நாங்கள் விட்டிட்டுப் போன வெடிச்ச ஓட்டையெல்லாம் ஆரும் தொடேல்ல. தெற்கில இருந்து பஸ் பஸ்ஸாச் சனம் வந்து விழுந்து கிடந்த தண்ணித் தாங்கிக்கு முன்னால நிண்டு படம் எடுத்திட்டுப் போனது, அதே ரோட்டின்ர மற்றப் பக்கம் நாங்கள் தரப்பாளுக்குக் கீழ.

2017 பெப்ரவரி 20ல கந்தசாமி கோவிலுக்கு முன்னால காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர தாய்மார் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினவை. அம்மாவும் அண்ணாவின்ர படத்தோட போய் இருந்தவா, இப்ப முழங்கால் ஏலாது, ஏலுமான நாளில போறா. அந்தக் கொட்டிலில இருந்த எத்தினையோ அம்மாமார் தங்கட பிள்ளையைக் காணாமலே செத்துப்போச்சினம். காணாமல் போனோர் அலுவலகம் எண்டு ஒண்டு வந்து, கூப்பிட்டு, திரும்ப எழுதித் தரச் சொல்லிக் கேக்கினம், பேர், வயசு, கடைசியாக் கண்ட இடம், ஆதாரம் என்ன இருக்கு. ஆதாரம் எண்டு கேக்கேக்க அம்மா காட்டிறது 2008ல விசுவமடுவில தந்த கூப்பன் மட்டை. ஆறு பேரின்ர பேரும் இருக்கு, விதானையாரின்ர கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு, பின் பக்கத்தில மா, பருப்பு, சீனி தந்த திகதியள் இருக்கு. உயிரோட இருந்தவன், சாப்பாடு வாங்கினவன், இந்தத் திகதியில இந்த இடத்தில இருந்தவன் எண்டு சொல்ல எங்களிட்ட இருக்கிறது அந்த ஒரு மட்டைதான்.

அதால ஒரு கேள்வி, ஒரு கெஞ்சல் எண்டே வையுங்கோ. 2008, 2009ல வன்னிக்குள்ள இருந்த ஆக்கள், இப்ப கனடாவில இருந்தாலும் சரி, லண்டனில இருந்தாலும் சரி, முறிப்பில இருந்தாலும் சரி, வீட்டில பழைய சாமானுக்குள்ள ஒருக்காத் தேடிப் பாருங்கோ. கூப்பன் மட்டை, கிளினிக் கொப்பி, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், ஆசுப்பத்திரித் துண்டு, மெனிக் பாமில தந்த காட், எதெண்டாலும். லமினேற் பண்ணாதேங்கோ, மை போயிடும், ரெண்டு பக்கமும் வடிவா வெளிச்சத்தில படம் எடுத்து ரெண்டு மூண்டு இடத்தில சேமிச்சு வையுங்கோ. எங்க பதிஞ்சது, அண்டைக்கு வீட்டில ஆர் ஆர் இருந்தது, அந்தப் பிரிவு விதானையார் ஆர் எண்டு ஞாபகம் இருக்கேக்க எழுதி வையுங்கோ, அப்பா அம்மா இருக்கேக்கயே கேளுங்கோ. ஆரிட்டயாவது, எந்தப் பிரிவாயிருந்தாலும், ஒரு விதானையாரின்ர கொப்பியின்ர ஒரு பக்கம் எண்டாலும் இருந்தா எறியாதேங்கோ, நம்பிக்கையான ஒரு வக்கீலிட்டயோ கோவில் சுவாமியிட்டயோ ஒரு பிரதி குடுத்து வையுங்கோ. கனகபுரத்துப் பக்கம் எண்டா எனக்கும் சொல்லுங்கோ.